ஆமை கடத்தறவங்கள புடிக்கற வேலைக்கு எந்த எக்ஸாம் எழுதணும்? பெங்களூர்ல இருந்து கேக்கறேன்

சாம்பல்_இருவாச்சி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பெங்களூர் ஸ்ரீராம்புரம், பொறந்து வளந்தது எல்லாம் இங்கதான், அப்பாவுக்கு சொந்த ஊர் தர்மபுரி பக்கம். வயசு 24, பிஎஸ்சி ஜூவாலஜி முடிச்சுட்டு ஒரு லேப்ல டெக்னீஷியனா இருக்கேன்.

போன மாசம் தம்பிக்கு கப்பி மீன் வாங்க ஒரு மீன் தொட்டி கடைக்கு போனோம். பேசிட்டே இருந்தப்ப கடைக்காரர் உள்ள போய் ஒரு ஷூ டப்பா எடுத்துட்டு வந்து மூடியை தூக்கி காட்டினார், உள்ள மூணு நட்சத்திர ஆமை. குட்டிங்க, உள்ளங்கை அளவு கூட இல்ல, தலை கால் எல்லாம் உள்ள இழுத்துகிட்டு கல்லு மாதிரி கிடக்குதுங்க, ஒண்ணோட ஓட்டுல டேப்பு ஒட்டி பிச்ச பசை இன்னும் இருந்துச்சு. வீட்ல வச்சா லக்ஷ்மி தங்குவாங்கன்னு சொல்லி வெலை சொன்னார். இது சட்டப்படி குத்தம்னு எனக்கு தெரியும், காலேஜ்ல படிச்சிருக்கேன், ஆனா அந்த நேரம் வாயே வரல, தம்பி கைய புடிச்சுட்டு வெளிய வந்துட்டேன். யாருக்கு ஃபோன் பண்ணணும்னே தெரியல. மறுநாள் ஃப்ரெண்டு ஒருத்தி 1926ன்னு வனத்துறை ஹெல்ப்லைன் நம்பர் சொன்னா, அதுக்குள்ள நான் போய் பாத்தா டப்பாவே இல்ல. அன்னில இருந்து சரியா தூக்கம் இல்லங்க.

எனக்கு இந்த வேலைக்கே போகணும். இதை புடிக்கற ஆபிசர் ஆகணும்னா எந்த பரிட்சை? உயரம் 154 செமீ, கண்ணாடி போடறேன், பத்தாவது வரைக்கும் கன்னடம் செகண்ட் லாங்குவேஜ், தமிழ் பாட்டி சொல்லிக் குடுத்து படிப்பேன், எழுதினா தப்பு வரும். 25 கிலோமீட்டர் ஓடணும்னு சொல்றாங்களே நெசமா? வீட்ல அம்மா பொம்பள புள்ளைக்கு காட்டு வேலை எதுக்குன்னு கேக்கறாங்க, பதில் சொல்றதுக்காவது விவரம் வேணும்.

அல்சூர்_பையன்:

ஐஎஃப்எஸ் எழுதுங்க, இந்திய வனப் பணி, யூபிஎஸ்சி நடத்தறது, அதான் பெரிய போஸ்ட். ஆனா ஹைட் 163 வேணும், 25 கிமீ நாலு மணி நேரத்துல முடிக்கணும், உங்க 154க்கு கஷ்டம்தான். டபிள்யூசிசிபின்னு வனவிலங்கு குத்தங்களை தடுக்கற மத்திய அரசு டிபார்ட்மெண்ட் ஒண்ணு இருக்கு, நேரா அதுக்கு அப்ளை பண்ண முடியுமான்னு பாருங்க.

துர்கா_மெயின்ஸ்:

மேல சொன்ன தம்பிக்கு, 163ம் 25 கிலோமீட்டரும் ஆம்பளைங்களுக்கு. பொண்ணுங்களுக்கு உயரம் 150 போதும், நடக்க வேண்டியது 14 கிலோமீட்டர், அதே நாலு மணி நேரம். மார்பளவும் எடுப்பாங்க, ஆம்பளைங்களுக்கு 84, நமக்கு 79, மூச்சு இழுத்தா 5 செமீ விரியணும். பாதி தெரிஞ்சதை சொல்லி ஒரு பொண்ண வாசல்லயே திருப்பி அனுப்பாதீங்க ப்ளீஸ், எனக்கும் இப்டி யாரோ சொல்லி ஒரு வருஷம் வீணா போச்சு.

தங்கச்சி, நான் ரெண்டு தடவை மெயின்ஸ் எழுதி ஒரு தடவை இண்டர்வியூ வரைக்கும் போனேன், லிஸ்ட்ல வரல. அதனால என்ன நடக்கும்னு நேர்ல பாத்ததை சொல்றேன். ஏதோ ஒரு டிகிரி இருந்தா போதாது, இதுல ஒண்ணு வேணும். வெட்னரி, பாட்டனி, கெமிஸ்ட்ரி, ஜியாலஜி, மேத்ஸ், பிசிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஜூவாலஜி, இல்லாட்டி அக்ரி, ஃபாரஸ்ட்ரி, இன்ஜினியரிங். நீ ஜூவாலஜி, கவலையே இல்ல. வயசு 21ல இருந்து 32 வரைக்கும், ஓபிசிக்கு மூணு எஸ்சி எஸ்டிக்கு அஞ்சு வருஷம் கூட. ப்ரிலிம்ஸ் தனியா கிடையாது, 2013ல இருந்து ஐஏஎஸ் எழுதறவங்களோட அதே பேப்பர்தான், ஃபார்ம்ல ரெண்டுக்கும் டிக் பண்ணணும், ஆனா கட்டாஃப் நமக்கு அவங்கள விட மேலதான் நிக்கும் ஏன்னா சீட்டு கம்மி, 2023ல இருந்து 2025 வரைக்கும் நாடு முழுக்க வருஷத்துக்கு 150 தான். ப்ரிலிம்ஸ்ல ரெண்டாவது பேப்பர் சிசாட், அதுல 33 பர்சண்ட் வரலன்னா முதல் பேப்பர் ஜிஎஸ்ஸை பாக்கவே மாட்டாங்க, அதை அலட்சியம் பண்ணி போனவங்க எங்க ஸ்டடி சர்க்கிள்லயே நாலு பேர்.

மெயின்ஸ் ஆறு பேப்பர். இங்கிலீஷ் 300, பொது அறிவு 300, அப்புறம் ரெண்டு ஆப்ஷனல், ஒவ்வொண்ணுக்கும் 200 மார்க்ல ரெண்டு பேப்பர். இண்டர்வியூ 300, மொத்தம் 1700. இதுல ஒண்ணு முக்கியம், ஐஏஎஸ் மாதிரி தமிழ்லயோ கன்னடத்துலயோ எழுத முடியாது, ஐஎஃப்எஸ் மெயின்ஸ் முழுக்க இங்கிலீஷ்தான். நான் ஜூவாலஜியும் ஃபாரஸ்ட்ரியும் எடுத்தேன், ஃபாரஸ்ட்ரி தெரியாத சப்ஜெக்டா இருந்தாலும் ஆறு மாசத்துல பிடிபட்டுச்சு, வன சட்டம், மண், மரம் அளக்கறது எல்லாம் அதுல வந்துடும், ஜிகே பேப்பருக்கும் கொஞ்சம் உதவும். அக்ரியும் ஃபாரஸ்ட்ரியும் சேத்து எடுக்க விடமாட்டாங்க, அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ.

நடை டெஸ்ட் எனக்கு டெல்லி ஜூக்குள்ள நடந்துச்சு. விடியகாலை, பனி, மான் கூண்டு பக்கம் ஒரே பாதையை சுத்தி சுத்தி வரணும். ஓடத் தேவையில்ல, மணிக்கு மூணரை கிலோமீட்டர்னா நம்ம மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்கு காய் வாங்க போற வேகம்தான், நிக்காம நாலு மணி நேரம் அதே வேகத்துல போறதுதான் விஷயம். எனக்கு முன்னாடி போன ஒரு பொண்ணு அந்த வாரம் வாங்கின புது ஷூவோட வந்து ஒம்பதாவது கிலோமீட்டர்ல குதிகால் தோல் உரிஞ்சு ரத்தம், ஆனாலும் நடந்து முடிச்சா, நான் அழுதுட்டேன் அவள பாத்து.

கண்ணாடி போட்டா தப்பில்ல. ஆனா பவருக்கு ஒரு அளவு வச்சிருக்காங்க, கலர் சரியா தெரியுதான்னும் பாப்பாங்க. படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரூல் புக்கை எடுத்துட்டு ஒரு கண் டாக்டர்கிட்ட போய்டு, ரெண்டு வருஷம் படிச்சுட்டு மெடிக்கல்ல வெளிய போனா மனசு உடைஞ்சு போகும்.

டபிள்யூசிசிபிக்கு பெரும்பாலும் நேரடி எக்ஸாம் கிடையாது. 2007ல ஆரம்பிச்சது, தலைமை டெல்லி, நம்ம பெங்களூர் எல்லாம் சென்னை ரீஜனல் ஆபிஸ்ல வரும். போலீஸ், ஃபாரஸ்ட், கஸ்டம்ஸ்ல ஏற்கனவே வேலைல இருக்கறவங்கள டெபுடேஷன்ல, அதாவது கொஞ்ச காலத்துக்கு மாத்தி எடுப்பாங்க. அங்க போகணும்னா முதல்ல இந்த மூணுல ஒண்ணுல உள்ள வரணும்.

கஸ்டம்ஸ்காரன்:

துர்கா சொன்னதுல மூணாவது வழி என்னோடது. நான் ஒரு ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் ப்ரிவென்டிவ் ஆபிசரா, கடத்தலை தடுக்கற வேலைல இருக்கேன், எந்த ஊர்னு வேணாம். நீங்க பாத்த அந்த ஷூ டப்பா ஆமைங்க பாதி எங்ககிட்ட வந்து சேரும், சூட்கேஸுக்குள்ள, துணிக்குள்ள சுத்தி, காலை அசைக்க கூடாதுன்னு டேப் போட்டு, பாங்காக் ஃப்ளைட்டுக்கு. நீங்க சொன்ன அந்த பசை தடத்தை படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்தப் பக்கத்துல இருந்து வர்ற பைய தெறந்தா பைத்தான் குட்டி, சின்ன சின்ன குரங்கு, மூச்சு முட்டி பாதி செத்துப் போய் இருக்கும்.

இதுக்கு எஸ்எஸ்சி சிஜிஎல் எழுதணும், டிகிரி முடிச்சவங்களுக்கு மத்திய அரசு வேலைக்கான பொது எக்ஸாம். எந்த டிகிரியா இருந்தாலும் சரி, வயசு 30 வரைக்கும், ரெண்டு கட்டமும் கம்ப்யூட்டர் எக்ஸாம், கணக்கும் இங்கிலீஷும்தான் உயிர், வனவிலங்கு பத்தி ஒரு கேள்வி வந்தா பெருசு. ப்ரிவென்டிவ் ஆபிசர் மாதிரி சில போஸ்டுக்கு உடல் தகுதியும் இருக்கு. பொண்ணுங்களுக்கு உயரம் 152, ஒரு கிலோமீட்டர் 20 நிமிஷத்துல நடக்கணும், மூணு கிலோமீட்டர் சைக்கிள் 25 நிமிஷத்துல. ஆம்பளைங்களுக்கு 157.5 செமீ, 1600 மீட்டர் 15 நிமிஷம், சைக்கிள் 8 கிலோமீட்டர் அரை மணி. சைக்கிள் ஓட்டத் தெரியாம வந்து போஸ்ட் விட்டவங்க இருக்காங்க, ஞாபகமா கத்துக்கோங்க. உங்க 154க்கு இது சரியா இருக்கும்.

ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க சிஸ்டர், இங்க தங்கம், போதைப்பொருள், சிகரெட் எல்லாத்துக்கும் நடுவுலதான் ஆமை. பத்து நாள்ல ஒரு நாள்தான் உங்க மனசுக்கு புடிச்ச வேலை கிடைக்கும். கோப்பு வேலை நெறைய. எனக்கு அந்த ஒரு நாள் போதும்.

சாம்பல்_இருவாச்சி:

ரொம்ப ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. உயரம் 150 போதும்னு படிச்ச உடனே அம்மாகிட்ட ஓடிப் போய் சொன்னேன். ஒரு சந்தேகம், ஸ்டேட் லெவல்ல ஃபாரஸ்ட் கார்ட், ஃபாரஸ்டர் போஸ்டெல்லாம் இருக்கே, நான் தமிழ்நாட்டுக்கு எழுதலாமா, இல்ல கர்நாடகா மட்டும்தானா? அப்புறம் உள்ள போன பிறகு நெசமா கேஸ் போட்டு தண்டனை வாங்கித் தர்ற அதிகாரம் எந்த போஸ்டுக்கு இருக்கு? எனக்கு சம்பளம், கார் எல்லாம் ரெண்டாவது.

பழைய_ரேஞ்சர்:

நல்ல கேள்வி கேட்ட மா. நான் தமிழ்நாட்டு வனத்துறைல 33 வருஷம், வனவரா சேந்து வனச்சரகரா ரிட்டையர் ஆனேன், இப்ப ஒயிட்ஃபீல்டுல பையன் வீட்ல இருக்கேன். டைப் பண்ண நேரமாகும், பொறுத்துக்கோ.

முதல்ல தமிழ்நாடு. எழுதலாம், தடை இல்ல, ஆனா வெளி மாநிலத்துல இருக்கறவங்களுக்கு இட ஒதுக்கீடு கிடையாது, பொதுப்பிரிவுல போட்டி போடணும். நீ கேட்ட கார்ட், அதான் வனக்காப்பாளர், அப்புறம் வனக்காவலர் போஸ்டை 2024ல டிஎன்பிஎஸ்சி குரூப் 4ல சேத்தாங்க. அதுல முதல் பாகமே பத்தாவது தரத்துல தமிழ், 150 மார்க், 60 வாங்கலன்னா மீதி பேப்பரை திருத்தவே மாட்டாங்க. பாட்டி சொல்லிக் குடுத்த தமிழ் நல்ல தமிழ்தான் மா, ஆனா சமச்சீர் புக்கு ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் வாங்கி உக்காந்தா ஒரு வருஷத்துல தேறிடுவ. அதுக்கப்புறம் நடை, ஆம்பளைக்கு 25, பொண்ணுங்களுக்கு 16 கிலோமீட்டர், நாலு மணி நேரம். மேல போனா குரூப் 1ஏ, நேரா உதவி வனப் பாதுகாவலர், அதான் ஏசிஎஃப், ஆனா போஸ்ட் விரல் விட்டு எண்ணிடலாம்.

கர்நாடகால உனக்கு வேற பலம் இருக்கு, பத்தாவது வரைக்கும் கன்னடம் படிச்சிருக்க. 2023 கடைசில அங்க வனக்காப்பாளருக்கு 540 போஸ்ட் அறிவிச்சாங்க, பியூசி, அதாவது பிளஸ் டூ படிப்பு போதும்னு. தமிழ்ப் பொண்ணு கர்நாடக காட்டுல வேலை பாக்கறதான்னு யாராவது சொன்னா கேக்காத. மாதேஸ்வரன் மலை, கோபிநத்தம், காவேரி ஓரம் பூரா ஜனங்க பேசறது தமிழ், ஆபிஸ்ல எழுதறது கன்னடம். அங்க ரெண்டும் தெரிஞ்ச ஒருத்தி ரொம்ப பெரிய உபயோகம். அந்த கோபிநத்தத்துலதான் ஸ்ரீநிவாஸ் சார்னு ஒரு டிசிஎஃப், அதான் துணை வனப் பாதுகாவலர், ஆந்திராக்காரர், ஊருக்குள்ள போய் ஜனங்களோட தங்கி மருந்து குடுத்து, மாரியம்மன் கோயில் கட்டித் தந்து, வீரப்பன் கூட இருந்தவங்கள சரணடைய வச்சார். 1991 நவம்பர் 10ல அவரை ஏமாத்தி வரவச்சு கொன்னாங்க. கீர்த்தி சக்ரா குடுத்தாங்க அடுத்த வருஷம். நான் வேலைக்கு சேந்து கொஞ்ச நாள்ல கேட்ட செய்தி அது. உங்க அம்மா பயப்படறதுல நியாயம் இருக்குன்னு நான் ஒத்துக்கறேன், அதை மறைச்சு உன்ன சேரச் சொல்ல மாட்டேன்.

இப்ப அதிகாரம். 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல 50வது பிரிவுதான் நம்ம கைல இருக்கறது. வனத்துறை ஆபிசரும் எஸ்ஐக்கு குறையாத போலீசும், குத்தம் நடந்ததா நம்ப காரணம் இருந்தா நிறுத்தலாம், பைய சோதனை போடலாம், பறிமுதல் பண்ணலாம், வாரண்ட் இல்லாம கைது பண்ணலாம், மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கொண்டு போய் நிறுத்தணும். அதே பிரிவுல எட்டாவது உட்பிரிவு, ஏசிஎஃப்க்கு குறையாத ஆபிசர் சாட்சியம் பதிவு பண்ணலாம், குத்தவாளி எதிர்ல வச்சு பதிவு பண்ணினா அது பின்னாடி கோர்ட்ல செல்லும். போலீஸ்கிட்ட குடுத்த வாக்குமூலம் கோர்ட்ல நிக்காது, இது நிக்கும். அதனாலதான் ஏசிஎஃப் நாற்காலிக்கு அவ்ளோ கனம். நீ பாத்த நட்சத்திர ஆமை முன்னாடி நாலாவது அட்டவணைல இருந்துச்சு, 2022 திருத்தத்துல அதிக பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணைக்கு வந்துடுச்சு, 2023 ஏப்ரல்ல இருந்து அமல். முதல் அட்டவணைன்னா குறைஞ்சது மூணு வருஷம், ஏழு வரைக்கும் ஜெயில். கைல வச்சிருந்தான்னு நாம நிரூபிச்சுட்டா சட்டப்படி தான் வச்சிருந்தேன்னு அவன்தான் நிரூபிக்கணும்.

கேக்க நல்லா இருக்கு இல்ல? இப்ப என் மனசுல 25 வருஷமா இருக்கறதை சொல்றேன். ஒரு பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேரை சாக்கு மூட்டையோட புடிச்சோம், உள்ள அழுங்கு, அதான் எறும்புத்தின்னி, அதோட செதில். எத்தனை அழுங்கை கொன்னா அந்த அளவு செதில் வரும்னு நெனச்சு பாத்து எங்க காவலர் ஒருத்தர் கை நடுங்கிப் போய் உக்காந்துட்டார். ராத்திரி, மழை, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல நான்தான் மகஜர், அதாவது சாட்சிங்க முன்னாடி புடிச்சதை எழுதற பதிவு, எழுதினேன். செதில் நனைஞ்சிருந்துச்சு. அங்க கடைத் தராசுல நிறுத்து ஒரு எடை எழுதினேன், மறுநாள் ஆபிஸ்ல காஞ்ச பிறகு நிறுத்து பறிமுதல் படிவத்துல வேற எடை எழுதினேன். ஏன் மாறுதுன்னு ஒரு வரி எழுதியிருந்தா போதும், எழுதல. சாட்சி கையெழுத்து போட்ட நேரமும் நாங்க புடிச்ச நேரமும் இடிச்சுது. ஆறு வருஷம் கழிச்சு கேஸ் வந்தப்ப எதிர் தரப்பு வக்கீல் அந்த ரெண்டு எடையையும் பக்கத்து பக்கத்துல வச்சு, இது அதே மூட்டைதானான்னு ஒரே ஒரு கேள்வி கேட்டார். சந்தேகத்தோட பலன்னு விடுதலை. அவனுங்க படி இறங்கிப் போறதை நான் கோர்ட் வராண்டால நின்னு பாத்தேன். தப்பு என்னோடது, அன்னிக்கு எனக்கு தூக்கம், அவ்ளோதான் காரணம்.

அதனால சொல்றேன் மா, நீ நடந்து பழகற அளவுக்கு எழுதியும் பழகு. பரிட்சைல எவனும் மகஜர் எழுதச் சொல்ல மாட்டான், ஆனா வேலையே அதான். எங்க, எத்தனை மணிக்கு, யார் கைல, எந்தப் பைல, எத்தனை உருப்படி, எந்த தராசு, யார் யார் நின்னாங்க, எப்டி சீல் வச்சோம், யார்கிட்ட குடுத்தோம். உயிரோட இருந்தா அதோட நிலைமை, செத்திருந்தா சாம்பிள் எடுத்து டேராடூன் வைல்டுலைஃப் இன்ஸ்டிட்யூட்டுக்கோ ஹைதராபாத் லாக்கோன்ஸ் லேபுக்கோ அனுப்பி எந்த உயிர்னு ரிப்போர்ட் வாங்கறது. நீ லேப்ல சாம்பிள் டியூபுக்கு லேபிள் ஒட்டற பொண்ணு, கைமாறும் போது கையெழுத்து வாங்கற பழக்கம் உன்கிட்ட ஏற்கனவே இருக்கு. எங்க காலத்துல அதை சொல்லிக் குடுக்க ஆள் இல்ல.

நடைக்கு, புது ஷூ கூடாது, துர்கா சொன்னது சரி. கால் நகத்தை ரெண்டு நாள் முன்னாடி வெட்டு, அன்னிக்கே வெட்டாத. விரல் இடுக்குல தேங்காண்ணெய். முதல் ஒரு மணி நேரம் மத்தவங்க உன்ன தாண்டிப் போகட்டும். தண்ணி வாய் நிறைய குடிக்காம மடக்கு மடக்கா.

அல்சூர்_பையன்:

ஐயா வணக்கம். நான் தப்பா சொன்னதுக்கு ஸாரி எல்லாருக்கும், குறிப்பா அந்த சிஸ்டருக்கு. எனக்கு பிகாம், ஐஎஃப்எஸ் எழுத முடியாதுன்னு இப்பதான் புரியுது. சிஜிஎல் பாக்கறேன்.

துர்கா_மெயின்ஸ்:

ஐயா, அந்த செதில் கேஸை படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் டைப் பண்ண முடியல. எனக்கு இன்னும் ரெண்டு அட்டெம்ப்ட் இருக்கு, விட்டுடலாம்னு இருந்தேன், விடல.

தங்கச்சி, ஒரு தடவைக்கு ஒரே எக்ஸாம்னு நெனைக்காத. யூபிஎஸ்சி ப்ரிலிம்ஸுக்கு படிக்கறது பாதி குரூப் 4க்கும் கர்நாடகாவுக்கும் ஆகும். ஆனா கோச்சிங்னு பெரிய பணம் கட்டறதுக்கு முன்னாடி யோசி, நான் கட்டின இடத்துல ஐஎஃப்எஸ்க்கு தனி டீச்சரே இல்ல, ஐஏஎஸ் க்ளாஸ்ல உக்கார வச்சாங்க. பழைய கேள்வித்தாள் யூபிஎஸ்சி சைட்டுலயே சும்மா கிடைக்குது, ஜூவாலஜி பேப்பரை எடுத்து இந்த வாரமே ஒண்ணு எழுதிப் பாரு.

சாம்பல்_இருவாச்சி:

ஐயா, உங்க பதிலை அம்மாவுக்கு படிச்சு காட்டினேன். ஸ்ரீநிவாஸ் சார் பத்தி வந்தப்ப அம்மா அடுப்பை அணைச்சுட்டு வந்து உக்காந்துட்டாங்க. அவங்க பொறந்த ஊர் மேட்டூர் பக்கம், சின்ன வயசுல அந்த செய்தி ரேடியோல கேட்டது ஞாபகம் இருக்காம். சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. ராத்திரி படுக்கும் போது மட்டும், ஷூ எவ்ளோ ஆகும்னு கேட்டாங்க.

கண் டாக்டர் அப்பாயின்ட்மெண்ட் வியாழக்கிழமை. ஆறாவது தமிழ் புக்கு தர்மபுரி அத்தை வீட்ல இருந்து வருது. நேத்து ஒரு காரியம் பண்ணேன், லேப்ல இருந்து வீட்டுக்கு வந்து அந்த மீன் கடைல பாத்ததை மகஜர் மாதிரி எழுதிப் பாத்தேன், தேதி, நேரம், டப்பா கலர், எத்தனை ஆமை, பசை எந்தப் பக்கம். நேரம் எழுதற இடத்துல மாட்டிகிட்டேன், சாயங்காலம்னு தெரியும், ஆறா ஏழான்னு ஞாபகமே வரல. தம்பி ஃபோன்ல மீன் வாங்கின யூபிஐ மெசேஜ் பாத்து 6.42ன்னு கண்டுபிடிச்சேன். ஐயா, அதை மகஜர்ல எப்டி எழுதணும், மெசேஜ் பாத்து எழுதினேன்னே எழுதலாமா?

ஞாயித்துக்கிழமை காலை அஞ்சரைக்கு சாங்கி ஏரில நடக்க ஆரம்பிக்கறேன், எட்டு ஒம்பது ரவுண்டு போனா 14 கிலோமீட்டர் வரும்னு நெனைக்கறேன். மல்லேஸ்வரம் பக்கம் பொண்ணுங்க யாராவது இருந்தா சொல்லுங்க, தனியா இருட்டுல போக அம்மா விடமாட்டாங்க.

பழைய_ரேஞ்சர்:

அப்டியே எழுது மா. "பணம் செலுத்திய குறுஞ்செய்தியைப் பார்த்து நேரம் குறிக்கப்பட்டது, செய்தியின் நகல் இணைப்பு"ன்னு. எப்டி தெரிஞ்சுதோ அதையே எழுது.

அந்த கடையை மறுபடி பாத்தா உள்ள போய் சண்டை போடாத, ஃபோட்டோ எடுக்கறேன்னு மாட்டிக்காத. வெளிய வந்து உடனே 1926. நீ எழுதி வச்ச தாளை கைல வச்சுகிட்டு பேசு.

துர்கா_மெயின்ஸ்:

நான் யஷ்வந்த்பூர். ஞாயித்துக்கிழமை அஞ்சேகாலுக்கு உன் வீட்டு வாசல்ல இருப்பேன், அம்மாகிட்ட சொல்லிடு. அட்ரஸை இங்க போடாத, தனியா மெசேஜ் பண்ணு.